அணை நீர்மட்டம் சொல்லும் வானொலி

மதுரையில் யாரிடமாவது அகில இந்திய வானொலி என்றோ தூர்தர்ஷன் என்றோ பேச்செடுத்தால், அது பெரும்பாலும் 1980-களுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவின் ‘ஒளியும் ஒலியும்’, காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து வந்த செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரமான குரல், தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ என்று ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றை எடுத்து வைப்பார்கள். பிறகு, “இப்போது அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்க, பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இந்த நினைவேக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும், இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொது நிறுவனத்தை இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தேசிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. நாட்டின் எந்த மூலையிலும் அதன் குரல் கேட்க வேண்டும் என்பது முதலாவது. ஒவ்வொரு வட்டாரத்தைப் பற்றியும் அந்த வட்டாரத்திலிருந்தே அது பேச வேண்டும் என்பது இரண்டாவது. கோபுரம் எழுப்பிவிட்டால் முதல் கடமை ஏறக்குறைய முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஆட்களும் நேரமும் அக்கறையும் நாள்தோறும் வேண்டும். மதுரை வட்டாரத்துக்கு முதலாவது கிடைத்து நெடுங்காலம் ஆன பிறகே இரண்டாவது கிடைத்தது. இன்று சிக்கனம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படக் கூடியதாக இருப்பதும் அந்த இரண்டாவதுதான்.

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் எல்லைக்குள் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறு மட்டுமே. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ ஆகிய நான்கையும் தவிர மற்ற இரண்டும் தமிழ்நாட்டில் இருந்தன என்பது நாம் அதிகம் சொல்லிக்கொள்ளாத பெருமை. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. தென்மாவட்டங்கள் அனைத்தும் திருச்சியின் வானத்தின் கீழ் வந்தன. திருநெல்வேலிக்கு 1963-இலும் கோயம்புத்தூருக்கு 1966-இலும் தனி நிலையங்கள் கிடைத்தன. சங்கம் வளர்த்த நகரம் என்று மேடைதோறும் புகழப்பட்ட மதுரை அவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வந்தது. எனவே ஒரு தலைமுறைக்கும் மேலாக மதுரைக்காரர்களின் வானொலி என்பது திருச்சியின் வானொலியாகவே இருந்தது.

அது குறையில்லாத வானொலிதான். காவிரிப் படுகையில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் 1960-களில் பரவியபோது, உழவர்கள் அதைத் திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. ஒரு நெல்லின் பெயரிலேயே இடம்பிடிக்கும் அளவுக்கு ஒரு நிலையம் தன் மண்ணுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் அந்த மண் காவிரியின் மண். மேட்டூர் திறப்பதை ஒட்டி நாற்று விடுகிற தஞ்சாவூருக்கும், பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து பேரணையில் பிரிந்து கால்வாயில் இறங்கும் நாளைப் பார்த்திருக்கும் சோழவந்தானுக்கும் உழவு நாட்காட்டி ஒன்றாக இருக்க முடியாது. எங்கள் பக்கத்து ஊர்களில் மந்தையிலோ சாவடியிலோ இருந்த பஞ்சாயத்து ரேடியோ, புனல் ஒலிபெருக்கி வழியாக மாலைதோறும் உழவர் நிகழ்ச்சியை ஊருக்கே கேட்கச் செய்தது. கேட்டவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, பொருந்தாததைத் ‘தஞ்சாவூர்க்காரன் பாடு’ என்று விட்டுவிட்டார்கள்.

இந்த இடைவெளியில் புகுந்தது இலங்கை வானொலி. 1952-இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றியதும், அந்தப் பாடல்களுக்குக் கொழும்பு இடம் கொடுத்ததும் அனைவரும் அறிந்த கதை. அந்தத் தவற்றைத் திருத்த 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவை தொடங்கப்பட்டது. ஆனால் அதற்குள் மதுரையின் தேநீர்க் கடைகள் இலங்கைக்கு மாறிவிட்டிருந்தன. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பின்னாளில் இங்கே வீட்டுப் பிள்ளைகள்போல அறியப்பட்டார்கள். கடல் கடந்து வரும் ஒரு குரல், நம் அரசே நடத்தும் நிலையத்தைவிட நெருக்கமாக ஒலித்ததற்குப் பாடல்கள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கேட்பவர் யார், எந்த ஊர், அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி விசாரித்த முறையே பெரிய காரணம். அத்தனைக்கும், அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள நம் மக்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி, பாஸ்புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டணம் டெல்லிக்கு, காது கொழும்புக்கு என்றிருந்த காலம் அது.

பிறகு கோபுரங்கள் வந்தன. இந்த வட்டாரத்தின் ஒலிபரப்பு வரலாற்றில் கொடைக்கானல் மலைக்கு உள்ள இடம் தனித்துச் சொல்லத்தக்கது. தொலைக்காட்சி அலையும் பண்பலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் குன்றுகளும் அவற்றை மறைத்துவிடும். சமவெளியில் எவ்வளவு உயரமாகக் கம்பம் நட்டாலும் எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் அலைக்குக் கணக்குப்படி 150 கிலோமீட்டருக்கு மேல் அடிவானம் விரிகிறது. நேர்க்கோட்டில் 75 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும் மதுரை அதற்கு அடுத்த வீடு மாதிரி. எண்பதுகளில் மதுரையின் மொட்டைமாடிகளில் இருந்த ஆண்டெனாக்கள் எல்லாம் வடமேற்கே மலையைப் பார்த்து நின்றதற்குக் காரணம் இதுதான். தென்கிழக்கே திரும்பியிருந்த ஆண்டெனாக்களும் சில உண்டு. அவை 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிக்காக, நீளமான குழாய்க் கம்பங்களில் பூஸ்டருடன் நின்றவை. காற்றடித்தால் ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து “தெரியுது, தெரியுது, போயிருச்சு” என்று கத்துவது அந்தக் காலத்து மாலைகளின் வழக்கமான ஓசை.

அதே மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைப் பண்பலை ஒலிக்கத் தொடங்கியபோது, அதன் வீச்சு தனியார் நிலையங்கள் எவற்றாலும் எட்ட முடியாததாக இருந்தது. மதுரையில் பேருந்து ஏறி, வத்தலக்குண்டு, பெரியகுளம் தாண்டித் தேனி வரை ஒரே நிலையத்தை இடைவிடாமல் கேட்டுக்கொண்டு போகலாம். ஓட்டுநர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. என்றாலும் கொடைப் பண்பலையின் வெற்றி முதல் கடமையின் வெற்றி. மலையின் வெற்றி என்றும் சொல்லலாம். இரண்டாவது கடமையைச் செய்யும் இடமாக நான் கருதுவது, 103.3-இல் ஒலிக்கும் மதுரை நிலையத்தையும் அதுபோன்ற பிற உள்ளூர்க் கூடங்களையும்தான்.

இதை விளக்க எனக்கு அணை நீர்மட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. வைகை அணையின் முழு நீர்த்தேக்க உயரம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பது நீர்வளத் துறை பின்பற்றும் முறை. அதற்கு மேலே பெரியாறு அணை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த அளவு 142 அடி. இந்த இரண்டு அணைகளின் நீர்மட்டத்தையும் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து உழவர் ஒருவர் அந்த ஆண்டின் தம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறார். பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசன நிலத்துக்கு ஜூனில் தண்ணீர் விடுவார்களா, தள்ளிப்போகுமா என்பதைப் பொறுத்து நாற்றங்கால், விதைநெல், கடன், ஆள் பேசுவது என்று எல்லாம் அடுக்கடுக்காக அமைகின்றன. மேலூர்ப் பக்கத்து ஒருபோகப் பாசனக்காரர் அதற்கும் பிறகு, செப்டம்பரை நோக்கிக் காத்திருக்கிறார். திருமங்கலம் பக்கத்தில் இருப்பவருடைய கவலை இன்னும் கீழே, கால்வாயின் கடைமடையில் இருக்கிறது.

ஆகவே, ‘வைகை அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி’ என்று ஓர் அறிவிப்பாளர் ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கும் அரை நிமிடம், வெளியூர்க்காரர் காதில் வெறும் எண்களாக விழும். எங்களுக்கு அது நாளின் முக்கியச் செய்தி. என் பெரியப்பா தலைப்புச் செய்திகளின்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். நீர்மட்டம் வாசிக்கும்போது கை நின்றுவிடும். வயலிலிருந்து தாமதமாக வந்தவர்கள் எங்கள் திண்ணையில் கேட்கும் முதல் கேள்வி, “டேமு எவ்வளவுன்னு சொன்னாய்ங்க, தம்பி?” என்பதாகத்தான் இருக்கும். டெல்லி மாநாட்டின் முடிவைப் பற்றி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த எண்கள் இப்போது கைபேசியில் கிடைக்கின்றனவே என்று இளையவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கிடைக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ‘அணை நிரம்பியது’ என்ற செய்தி இந்த ஆண்டினுடையதா, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ எடுத்த காணொலியா என்பது யாருக்கும் தெரிவதில்லை. வைகையில் தண்ணீர் பெருகும்போதெல்லாம் இத்தகைய பழைய காணொலிகள் மறுபிறவி எடுத்து, யானைக்கல் தரைப்பாலத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்கின்றன. பொறுப்பேற்றுக்கொள்ளும் ஒரு குரல், இன்ன நேரத்து நிலவரம் இது என்று சொல்வதன் பயன் அப்போதுதான் புலப்படுகிறது.

தனியார் பண்பலைகளைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. மதுரையில் அவை நகரத்தின் பேச்சை அப்படியே வானலையில் ஏற்றின; அரசு நிலையத்தின் இறுக்கமான தமிழுக்கு அது தேவையான போட்டியும்கூட. ஆனால் அவை சொந்தமாகச் செய்தி தயாரித்து வழங்க அனுமதி இல்லை. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம் என்பதே 2011-ஆம் ஆண்டின் கொள்கை. மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி வழங்க விடலாம் என்று 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியில் நூற்றுக்கணக்கான செய்தி அலைவரிசைகளுக்கு இடம் கொடுத்துவிட்டு வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு போடுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே வேளையில், வானிலை, போக்குவரத்து, வேலைவாய்ப்பு, இயற்கைப் பேரிடர் போன்ற தகவல்களைச் சொல்லத் தனியாருக்கு இப்போதும் தடை கிடையாது. அணை நீர்மட்டத்தையும் நாள் தவறாமல் அவர்கள் சொல்லலாம். அதற்கு விளம்பரம் கொடுக்க ஆளில்லை என்பதால் சொல்வதில்லை, அவ்வளவுதான். விளம்பரம் கிடைக்காத உண்மைகளைச் சொல்வதற்காகத்தான் பொதுப்பணத்தில் ஒரு நிலையத்தை நடத்துகிறோம்.

உள்ளூர் நிலையத்தின் இன்னொரு கலை நேர்முக வர்ணனை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் மதுரை வானொலி வர்ணிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எளிதான வேலை அல்ல என்பது. விடிவதற்கு முன்னால், லட்சக்கணக்கானோர் நெருக்கும் ஆற்றங்கரையில், தங்கக் குதிரை இன்னும் கண்ணுக்கே தெரியாத நிலையில், கேட்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோலப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அழகர் இந்த ஆண்டு என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை அந்தக் குரல் சொல்லும் கணத்துக்காகப் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் காத்திருப்பார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. வர்ணனையாளருக்கு எதிர்சேவை (மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது) என்றால் என்ன, அழகர் வழியில் தங்கும் மண்டகப்படிகளில் எதற்கு அடுத்து எது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட செய்திகளாக இருந்தால் போதாது. சென்னையிலிருந்து ஒருவரைக் கார் ஏற்றி அனுப்பிச் செய்யக்கூடிய வேலை இதுவன்று. (தொலைக்காட்சி வர்ணனையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், சில நிமிடங்களாவது நாதஸ்வரத்தைக் கேட்க விடுங்கள்.)

தூர்தர்ஷனைப் பொறுத்தவரை மதுரைக்கு இந்த அளவு உள்ளூர்த் தன்மை என்றும் வாய்க்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளை மலைக் கோபுரம் வழியாகப் பெற்றோம். பொதிகை என்ற பெயரை எங்கள் தெற்குச் சீமையின் மலையிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த அலைவரிசை, 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆகிவிட்டது. தரைவழி ஒளிபரப்பின் கோபுரங்கள் நாடெங்கும் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. மாதக் கட்டணம் கட்ட இயலாத வீடுகளில் இப்போது இருப்பது, 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ். முதல் கடமையில் அரசு ஒலிபரப்பு இன்றும் தோற்கவில்லை என்பதற்கு அது சான்று.

‘அரசு சொல்வதைத்தானே சொல்வார்கள்’ என்ற குற்றச்சாட்டை மழுப்பிவிட்டு நகர முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகே வர்கீஸ் குழு 1978-இல் தன்னாட்சி வேண்டுமென அறிக்கை தந்தது. வானொலியையும் தூர்தர்ஷனையும் தன்னாட்சி அமைப்பு ஒன்றின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, ஏழு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இடையில் 1995-இல், வானலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுடைமை ஆகா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் தன்னாட்சி என்கிறது. ஆனால் ஊழியர் சம்பளத்துக்கான பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. சம்பளம் கொடுப்பவரைப் பற்றிச் செய்தி வாசிப்பதில் உள்ள சங்கடம் கேட்பவர்களுக்கும் புரிகிறது. டெல்லிச் செய்தியில் எதை எவ்வளவு நம்புவது என்று எங்கள் திண்ணைக்காரர்கள் எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். அதே ஆட்கள் நீர்மட்டத்தை ஐயமின்றி நம்பினார்கள். உள்ளூர்ச் செய்தி உடனடியாகச் சரிபார்க்கப்படும் என்பதே காரணம். அணையைப் பற்றித் தவறாகச் சொன்னால் மறுநாள் காலை கால்வாயே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே, மாவட்ட நிலையங்களின் சொந்த நிகழ்ச்சி நேரத்தைக் குறைத்து, தலைநகர் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்வதை, அதாவது வாங்கி அப்படியே மறு ஒலிபரப்புவதைக் கூட்டினால் செலவு குறையும் என்று யாராவது சொல்லும்போது, எதைக் குறைக்கிறோம் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்களா என்று எனக்கு ஐயம் எழுகிறது. அஞ்சல் மட்டும் செய்யும் நிலையத்துக்குக் கட்டடமும் கம்பமும் மின்கட்டணமும் எப்படியும் தேவை. குறைவது தற்காலிக அறிவிப்பாளர்களின் சிறு ஊதியமும் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான காசோலையும்தான்.

அந்தக் காசோலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் பாடக் குரல் தேர்வு உண்டு, தேறியவர்களுக்குத் தரவரிசை உண்டு. இந்த முறையைச் செவ்வியல் இசைக் கலைஞர்கள் பலர் வெறுத்தார்கள். மூத்த வித்துவானைத் தேர்வுக் கூடத்தில் உட்கார வைப்பதா என்ற அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் களையெடுக்கும்போதும் நாற்று நடும்போதும் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அரசு முத்திரையுடன் வந்த ஒப்பந்தக் கடிதம் வேறு பொருள் தந்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி, திரைப்படம் அவரைக் கண்டுகொள்வதற்கு முன்பே வானொலியில் பாடியவர். அவரைப் போல் பெயர் தெரிந்தவர்கள் சிலர். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் பாடிப் பதிவு செய்துவிட்டு, பேருந்து பிடித்து ஊர் திரும்பி மறுநாள் வேலைக்குப் போனவர்கள் பலர்.

அகில இந்திய வானொலியின் ஆவணக் காப்பகம் பெரிய வித்துவான்களின் கச்சேரிகளைத் தூய்மைப்படுத்தி வெளியிட்டிருப்பது பாராட்டுக்குரியது. மாவட்ட நிலையங்களின் நாடாக்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும். இன்ன ஊர், இன்ன பாடகர், இன்ன ஆண்டு என்று பட்டியலிட்டு, இணையத்தில் எவரும் கேட்கும்படி வைத்தால், உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் ஒரு பேத்தி தன் அப்பத்தாவின் குரலைத் தேடி எடுக்க முடியும். பாடியவர்களை அடையாளம் காட்டக்கூடிய பழைய நிலைய ஊழியர்களும், உடன் பாடிய மூதாட்டிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பட்டியல் போடும் வேலையை அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டே தொடங்குவது நல்லது.